மூன்றாவதாக வந்தவள்

ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் இறங்குவது நியாயமா என்று என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். கடற்கரையில் இருக்கும் கழகத்தின் தகரக் கொட்டகைக்குள், பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு கேட்டார். என்னுடைய நன்மைக்காகவே கேட்கிறவர் போல முகத்தை வைத்திருந்தார். எனக்கு அவர் கதிரை தரவில்லை. நான் நின்றுகொண்டே, "நீந்திப் பாத்தால்தானே அது தெரியும்" என்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில், வடமராட்சியின் வடக்குக் கரையில் எங்கள் வீடு. அப்பா கடல்தொழிலுக்குப் போகிறவர். அவரும் அம்மாவும் கையெழுத்து வைக்கும் அளவுக்குத்தான் படித்தவர்கள். அண்ணை என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் அப்பாவின் வலது தோள் விழுந்துவிட்டது. தனியாக வலை இழுக்க அவரால் முடியவில்லை. பிள்ளைகளில் ஒருவர் கடலுக்குப் போகவேண்டும், மற்றவர் படிக்கலாம் என்ற நிலைமை. பெண்பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப முடியாது. ஆகவே அண்ணை வள்ளத்தில் ஏறினான், நான் படித்தேன். அப்பாவின் பக்கத்திலும் அம்மாவின் பக்கத்திலும் உயர்தரம் எழுதிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆளும் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கஷ்டப்பட்டுப் படித்தேன், சொல்கிறேன்.

சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் கடலில் கிடந்தோம். கரைக்கு எதிரே தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் முருகைக்கல் பாரில் ஏறிக் குதிப்பது, வள்ளத்துக்கு அடியால் சுழியோடி மறுபக்கம் எழும்புவது, எல்லாவற்றிலும் நான் அவனுக்குச் சரிக்குச் சரி. பிறகு நான் பெரியபிள்ளையானேன். சாமத்தியச் சடங்குக்குத் தலையில் தண்ணீர் வார்த்தார்கள். கடல் தண்ணீர் அன்றோடு நின்றது. இனி இறங்காதே என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒரு பின்னேரம் நான் வழமைபோல வெளிக்கிட்டபோது, அம்மா வேலிப் படலையின் குறுக்கே பலகையைப் போட்டு இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அந்த இடத்தில்தான் வெட்டினார். அதற்கடுத்த நாள் நான் கேட்கவே இல்லை. அண்ணை அம்மாவைத் தாண்டிக் குதித்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு நான் நீந்தியது பல்கலைக்கழகம் போன பின்னர்தான். கடற்கரையில் பிறந்தவள், மருந்து மணக்கும் தடாகத்தில், அடியில் ஓடும் நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நீந்தப் பழகினேன். எங்கள் பயிற்றுநர் முதல் நாளே என்னுடைய கையைக் கவனித்துவிட்டு, "நீர் முந்தி எங்கை பழகினீர்?" என்று கேட்டார். கடலில் என்றேன். "பிறகேன் விட்டனீர்?" என்றார். ஆண்பிள்ளைகளிடம் அவர் கேட்கத் தேவையில்லாத கேள்வி அது. இரண்டு வருடம் விடிய எழுந்து நீந்தினேன். பெண்கள் போட்டிகளில் எனக்கு இடங்கள் கிடைத்தன. ஆனால் அவை கோடு போட்ட தண்ணீரில் கிடைத்தவை. நான் வளர்ந்த தண்ணீரில் எனக்கு ஒரு இடம் வேண்டும் என்ற எண்ணம் உள்ளே கிடந்து அரித்தது.

எங்கள் கழகம், கடல் ஆறிக் கிடக்கும் பங்குனி சித்திரையில் ஆண்டு விழா வைக்கும். பெண்களுக்கும் போட்டிகள் உண்டு. சங்கீதக் கதிரை, தேங்காய் துருவுதல், தேசிக்காய் ஓட்டம். கரண்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதில் தேசிக்காயை வைத்து, விழாமல் ஓடவேண்டும். ஓடி முடியும்வரை வாய் திறக்க முடியாது. அதைக் கண்டுபிடித்தவர் நன்றாக யோசித்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

கடல் நீச்சல் ஆண்களுடையது. பாருக்கு வெளியே ஒரு வள்ளத்தை நங்கூரம் போட்டு, அதில் சிவப்புக் கொடி கட்டியிருப்பார்கள். கரையிலிருந்து போய், அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். வள்ளங்கள் வெளியே போவதற்காகப் பாரை உடைத்து வெட்டிய ஒரு வழி இருக்கிறது. போவதும் வருவதும் அதற்குள்ளால்தான். முதல் மூன்று பேர், மாதக் கடைசியில் கரையோரக் கழகங்கள் சேர்ந்து நடத்தும் பெரிய நீச்சலுக்கு ஊரின் பெயரில் போவார்கள். விதிகளில் ஆண்கள் மட்டும் என்று எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டி வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அந்த மூன்றில் ஒரு இடத்தைக் கேட்டுத்தான் நான் கொட்டகைக்குப் போனேன்.

தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, ஆனால் சலுகை தருவோம் என்றார். மற்றவர்கள் கரையில் நிற்க, என்னை முப்பது பாகத் தூரம் முன்னால் தண்ணீரில் விடுவார்களாம். செயலாளர் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர். அவர் எனக்கு விளங்கப்படுத்தினார்: "உலகம் முழுக்க உப்பிடித்தான் தங்கச்சி. ஆம்பிளையின்ரை உடம்பு வேறை."

அவர் சொன்னது பொய்யில்லை. தோளின் அகலம், கையின் நீளம், நெஞ்சு பிடிக்கும் காற்று, எல்லாம் வேறுதான். தடாகத்தில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழக ஆண்கள் அணியில் முதலாவதாக வருபவனை நான் சாகும்வரை நீந்தினாலும் பிடிக்கமாட்டேன். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு மானக்குறைச்சல் இல்லை. பெண்களுக்கென்று தனிப்போட்டி இருக்கவேண்டியதற்கும் அதுதான் காரணம். ஆனால் எங்கள் ஊரில் அந்தத் தனிப்போட்டி தேசிக்காயோடு முடிந்துவிடுகிறது. அதோடு, ஆண்கள் எல்லாரும் முதலாவதாக வருபவர்கள் இல்லையே. நடுவில் வருகிறவனும் கடைசியில் வருகிறவனும் அந்த முதலாவது ஆளின் தோளை இரவல் வாங்கிக்கொண்டுதான் எங்களோடு கதைக்கிறான்.

சலுகை வேண்டாம் என்றேன்.

"தோத்துப்போட்டு அழக்கூடாது, பிள்ளை" என்றார் தலைவர்.

"நீங்களும்தான்" என்றேன். மூலையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தலைவருக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது.

வீட்டில் அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டி, கம்பஸில் உதுதானோ படிப்பிக்கினம் என்று கேட்டார். எதைப் போட்டுக்கொண்டு இறங்கப்போகிறாள் என்பதுதான் ஊரின் முழுக் கவலை. கணுக்கால்வரை கறுத்த காற்சட்டையும் கைநீளச் சட்டையும் என்று சொன்ன பிறகும், அதன் துணி எவ்வளவு தடிப்பு என்று விசாரித்தார்கள். அண்ணை மட்டும் பெரிதாக எடுக்கவில்லை. முந்திய வருடம் மூன்றாவதாக வந்தவன் அவன். அதற்கு முந்திய வருடமும் அந்த மூன்றுக்குள் இருந்தவன். "என்னைப் பிடிச்சியெண்டால் ஐஸ்கிறீம் வாங்கித் தருவன்" என்று தலையில் குட்டினான். அவன் என்னை எதிரியாக நினைக்கவில்லை. அப்போது அது எனக்கு அன்பாகப் பட்டது.

போட்டியன்று காலையில் கரை முழுக்கச் சனம். ஒலிபெருக்கியில் பாட்டு. நான் வரிசையில் போய் நின்றதும் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தள்ளி நின்றார்கள், தோள் முட்டக்கூடாதாம். அதனால் எனக்கு நல்ல இடம் கிடைத்தது. நங்கூரம் போட்ட வள்ளத்தில் கொடிக்குப் பக்கத்தில் அப்பா இருந்தார். அந்த வருடம் எல்லை வள்ளம் எங்களுடையது.

போகும்போது எனக்குக் கஷ்டம்தான். தடாகத்தில் தண்ணீர் முகத்தில் அடிக்காது. இரண்டு தரம் உப்பு உள்ளே போய் இருமினேன். கடலட்டைக்குச் சுழியோடுகிற இரண்டு பேர் ஆரம்பத்திலேயே வெகுதூரம் போய்விட்டார்கள். அவர்களுடைய குதிக்கால்களைக்கூட நான் பிறகு காணவில்லை. கொடியைச் சுற்றும்போது எனக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர், அதில் முதல் ஆள் அண்ணை. அப்பா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

திரும்பும்போதுதான் தடாகம் எனக்கு உதவியது. போகும்போது கையை அடித்து ஓட்டியவர்கள் ஒவ்வொருவராகக் களைத்தார்கள். நான் அதே கணக்கில் கையைப் போட்டுக்கொண்டு வந்தேன். நீரோட்டம் கிழக்குப் பக்கம் இழுத்தது. பாரில் உள்ள வழிக்கு நேரே வந்தால் வழியைத் தாண்டிப் போய்விடுவோம். கொஞ்சம் மேற்கே பிடித்து வரவேண்டும். ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். அண்ணைக்குத் தெரியாதா? ஆனால் அண்ணை திரும்பிப் பார்த்தான். நான் எவ்வளவு கிட்ட வந்துவிட்டேன் என்று தலையைத் தூக்கிப் பார்த்தான். குனிந்து கொஞ்சம் நீந்திவிட்டு, பிறகும் பார்த்தான். ஒவ்வொரு தரமும் கடல் அவனைக் கிழக்கே தள்ளியது. நான் வழிக்குள் நுழைந்தபோது அவன் அதைத் தாண்டிப்போய், பாரின் ஓரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். கடைசித் துண்டில் அவனுடைய கைகள் என் கால்களுக்குப் பின்னால் தண்ணீரை அறைகிற சத்தம் கேட்டது. வெறிபிடித்தவன் அடிக்கிற மாதிரி அடித்தான். ஒரு கை நீளத்தில் நான் முதலில் மணலில் எழுந்து நின்றேன்.

அண்ணை நாலு கால்களில் கரைக்கு ஏறி, அப்படியே குப்புற விழுந்து வாந்தி எடுத்தான். உப்புத் தண்ணீரும் மஞ்சளாக ஏதோவும் வந்தது. நான் போய் முதுகைத் தடவினேன். தோளை உதறினான். இதைத் தலைவர் பார்த்தார், செயலாளர் பார்த்தார், கரையில் நின்ற சனம் முழுவதும் பார்த்தது. விட்டுக்கொடுத்து வருகிறவன் வாந்தி எடுக்கமாட்டான்.

ஒலிபெருக்கிக்காரர் முதலாம் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் பெயரோடு சொன்னார். மூன்றாம் இடத்துக்கு வந்ததும் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு தலைவரைப் பார்த்தார். பிறகு, "மூன்றாம் இடம், ஒரு சகோதரி" என்றார்.

அடுத்த நாள் காலை மீன் ஏலம் கூறுகிற இடத்தில் கேலி தொடங்கியது. அண்ணை பெட்டியை இறக்கியதும் ஒருவர் கேட்டாராம்: "உது தங்கச்சி பிடிச்சதோ, அண்ணை பிடிச்சதோ? தங்கச்சி பிடிச்சதெண்டால் விலையைக் கூட்டிக் கேப்பம்." தேநீர்க் கடைக்குள் போனால், தங்கச்சிக்குப் பின்னால் வாறவர் வாறார், வழி விடுங்கோ என்றார்களாம். அண்ணையின் கூட்டாளிகள்தான். எனக்குப் பின்னால் வந்த ஆண்கள் அண்ணை மட்டுமில்லை, பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் அண்ணைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரித்துச் சலித்த பிறகு வேறு கதை வந்தது. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. அண்ணை வேண்டுமென்றே விட்டவன். தங்கச்சி ஊருக்கு முன்னால் வெட்கப்படக்கூடாது என்று, பாசத்தில் விட்டவன். இல்லாவிட்டால் வழி தெரியாமல் தாண்டிப் போக அவனென்ன கொழும்பானோ? இந்தக் கதை எல்லாருக்கும் வசதியாக இருந்தது. கூட்டாளிகள் அவனுடைய தோளில் கை போட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த மற்றவர்களும் தாங்களும் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்ததாக ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். நான் அண்ணை மறுப்பான் என்று காத்திருந்தேன். ஒரு சொல் போதும். அவன் சாப்பிட்டான், படுத்தான், தொழிலுக்குப் போனான்.

பெண் தோற்றால், பார்த்தியே, நாங்கள் சொன்னோமே என்பார்கள். வென்றால், விட்டவங்கள் என்பார்கள். நியாயமாகப் போட்டி போடலாமா என்று என்னைக் கேட்ட அந்தக் கொட்டகையில், எனக்கு நியாயமாகத் தோற்கவும் இடம் இருக்கவில்லை, வெல்லவும் இடம் இருக்கவில்லை.

பெரிய நீச்சலுக்கு ஒரு கிழமை இருக்க, தலைவரும் செயலாளரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கதிரைகளைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். செயலாளர்தான் பேச்சைத் தொடங்கினார். என்னுடைய திறமையில் யாருக்கும் சந்தேகமில்லையாம். பெண்கள் முன்னுக்கு வரவேண்டும் என்பதுதான் கழகத்தின் கொள்கையாம். ஆனால் மூன்றாம் இடம் பற்றி ஒரு பிரச்சினை எழுந்திருக்கிறதாம். அண்ணை விட்டுக்கொடுத்தது உண்மையென்றால் அந்த இடம் நியாயப்படி அவனுடையது. நியாயம் என்ற சொல்லை அவர் அன்றைக்கு எத்தனையோ தரம் சொன்னார். முதலாவதாக வந்த சுழியோடியைக் கேட்டுப் பார்த்தார்களாம். "நான் நீந்தேக்கை பின்னாலை பாக்கிறேல்லை" என்று அவர் சொல்லிவிட்டாராம்.

அப்பா விறாந்தையில் இருந்து வலைக் கண் முடிந்துகொண்டிருந்தார். அவரிடம் போனேன். "அப்பா, நீங்கள் வள்ளத்திலை இருந்தனியள். அண்ணை எப்பிடி நீந்தினவன் எண்டு பாத்தனியள்தானே?"

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எனக்கு வெயில் கண்ணுக்கை அடிச்சது, பிள்ளை" என்றார். காலை நேரம் அது. கரையைப் பார்த்திருந்தவருக்கு வெயில் பக்கவாட்டில்தான் இருந்திருக்கும்.

அண்ணை சுவரில் சாய்ந்து நின்றான். நான் அவன் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"அண்ணை, நீ விட்டனியோ?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. தலைவரையும் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"ஓம்" என்றான். "விட்டனான்."

தலைவர் பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். அண்ணன் தங்கச்சி எண்டால் இப்படி இருக்கவேணும் என்று சொல்லி அண்ணையின் முதுகில் தட்டினார். எனக்கு ஒரு விசேட பரிசு யோசித்திருப்பதாகச் செயலாளர் போகும்போது சொன்னார். வீட்டுக்கு எதையும் கொண்டுவரவேண்டாம் என்று சொன்னேன்.

அவர்கள் போனபின் அம்மாதான் வாய் திறந்தார். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "உனக்குப் படிப்பு இருக்கு. நாளைக்கு உத்தியோகம் இருக்கும். அவனுக்கு உந்தக் கடல்தானே இருக்கு. அதையும் நீயே எடுக்கப்போறியோ?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அண்ணை பள்ளிக்கூடத்தை விட்டது எனக்காகத்தான் என்று ஊரே சொல்கிறது. நானும் அப்படி நினைத்துத்தான் ஒவ்வொரு பரீட்சையிலும் குனிந்திருந்து எழுதினேன். அந்த மூன்றாம் இடத்தையும் அவன் என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். தோற்றுப்போனேன், இருந்தாலும் எனக்கு அது வேண்டும் என்று கேட்டிருந்தால் ஊருக்கு முன்னாலேயே கொடுத்திருப்பேன். அவன் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்ததாகச் சொல்லி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான். கூடவே, எடுத்ததற்கு நான் நன்றியும் சொல்லவேண்டியதாகிவிட்டது. இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பெரிய நீச்சலுக்கு முதல் நாள் பின்னேரம், நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போக உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணை அறை வாசலில் வந்து நின்றான். "உன்ரை அந்த நீச்சல் கண்ணாடியைத் தாறியோ?" என்றான்.

பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கண் திறந்து பழகியவன் அவன். கண்ணாடி போட்டு நீந்துகிறவர்களைக் கண்டால் சிரிப்பவன். சமாதானத்துக்கு வேறு வழி தெரியாமல் வந்து நிற்கிறான் என்பது எனக்கு விளங்கியது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"தாறன். எனக்கு மட்டும் ஒருக்காச் சொல்லு. வேறை ஆருக்கும் சொல்லவேண்டாம். நீ விட்டனியோ?"

வாசல் நிலையின் வெடிப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"உனக்கு விளங்காது."

"படிச்சனான்தானே. சொல்லு, விளங்கும்."

"வேண்டாம், வைச்சிரு" என்றுவிட்டுப் போனான்.

விடிய கழகத்தின் வான் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. நான் பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போனேன். அன்று பின்னேரம் அம்மா போன் எடுத்தார். அண்ணை எங்கேயோ நடுவில் வந்தானாம். அலை அதிகமாம். கண் இரண்டும் செத்தல் மிளகாய் போலச் சிவந்துபோய்ப் படுத்திருக்கிறானாம்.

"கேட்ட பொருளை நீ குடுத்திருக்கலாம்" என்றார்.

"நான் அவனிட்டை என்ன கேட்டனான் எண்டு கேளுங்கோ அம்மா" என்றேன்.

அம்மா போனை அவனிடம் நீட்டுகிற சத்தம் கேட்டது. அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான் போல, பாய் சரசரத்தது. தூரத்தில் எங்களுடைய கடல் கேட்டது. பிறகு அம்மாதான் திரும்ப எடுத்து, சாப்பிட்டியோ என்று கேட்டார்.